பதிமூன்று டிகிரி

ஹாஜா நஜ்முதீனுக்கு மாஸ்கிங் டேப்பைக் கண்டாலே ஆகாது. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அந்த நீலச் சுருளைச் சாப்பாட்டு மேஜைமேல் மறந்துவிட்டுப் போனால், இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போய் கராஜில் எங்காவது வீசிவிட்டு வருவார். முப்பத்தைந்து வருஷம் கட்டடம் வரைந்து தலை நரைத்த ஆர்க்கிடெக்டுக்கு இப்படியும் ஒரு வெறுப்பா என்று கேட்பவர்கள், சான் ஹோசேயில் பழைய பள்ளிவாசலில் தொழுதவர்களாக இருக்க மாட்டார்கள்.

பள்ளி என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, அது ஒரு ஸ்ட்ரிப் மாலில் டோனட் கடைக்கும் நகம் அழகுபடுத்தும் கடைக்கும் நடுவே, முன்பு கார் உதிரிபாகம் விற்ற கடை. சுவர்கள் தெருவுக்கு இசைவாக நின்றன. மக்காவை நோக்கிய கிப்லாத் திசையோ, தெருவையும் சுவரையும் சட்டை செய்யாமல் குறுக்கே சாய்ந்து போனது. அதனால் தரையில் சாய்வாக டேப் ஒட்டி, இதுதான் முதல் ஸஃப், இது இரண்டாவது ஸஃப் என்று வரிசை பிடித்தார்கள். அறை ஒரு பக்கம் பார்க்கும், ஆட்கள் ஒரு பக்கம் பார்ப்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டேப் பிய்ந்து யாருடைய சாக்ஸிலாவது ஒட்டிக்கொண்டு காரில் ஏறி அவர் வீட்டுக்கே போய்விடும்.

பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் பெண்கள். சாய்ந்த வரிசைகள் மூலையை நெருங்க நெருங்கச் சுருங்கி, கடைசியில் ஒரே ஒருவர் நிற்கக்கூடிய முக்கோணமாக முடியும். பக்கத்தில் ஷூ ரேக். அந்த முக்கோணத்தில் பத்தொன்பது வருஷம் நின்று தொழுதவள் ஹாஜாவின் மனைவி சாலிஹா. வயசானவர்கள் முன்னால் நிற்கட்டும், கைக்குழந்தைக்காரிகள் கதவோரம் நிற்கட்டும் என்று எல்லோருக்கும் இடம் விட்டுக்கொடுத்து, மிச்சமிருக்கும் மூலைக்குப் போய்விடுவாள்.

"ஏங்க, நீங்க என்னங்க ஆர்க்கிடெக்ட்?" என்பாள், திரும்பும் வழியில் ஃப்ரீவேயில். "ஊருக்கெல்லாம் பார்க்கிங் கராஜ் கட்டித் தர்றீங்க. உங்க பொண்டாட்டி குனிஞ்சு சஜ்தா பண்ணா தலை ஷூ ரேக்ல போய் முட்டுது."

"கட்டித் தரேன்டி. டேப்பே இல்லாத பள்ளி ஒண்ணு கட்டித் தரேன்."

"எனக்கு குப்பாவும் வேணாம், மினாராவும் வேணாம். செவுரும் வரிசையும் ஒண்ணாப் போனாப் போதும்."

இதை அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஹாஜாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் உஸ்மானிய சுல்தான்களின் அரண்மனைக் கட்டடக் கலைஞராக இருந்த மிமார் சினான்மேல் பைத்தியம். ஜாதகம் எழுதுகிறவர் மாதிரி அந்த மனிதரின் வாழ்க்கையைத் தன் வாழ்க்கையோடு வைத்து வைத்துப் பார்ப்பார். சினான் சின்ன வயதில் சொந்த ஊரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர். இவர் அதிராம்பட்டினத்திலிருந்து தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர். சினான் படையோடு போய்ப் பாலம் கட்டினார். இவர் டெக்சாஸில் ஃபிரிஸ்கோவுக்குப் போய், புதிதாக முளைத்த குடியிருப்புகளுக்கு நடுவே கடைத்தெருக்கள் கட்டினார். ஏறத்தாழ ஐம்பது வயதில்தான் சினானைச் சுல்தான் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆக்கினார். இந்த ஒரு விஷயம் ஹாஜாவுக்கு ஐம்பது தாண்டிய பிறகும் தெம்பு கொடுத்துக்கொண்டிருந்தது.

உம்ரா பயணமாக மக்காவுக்குப் போகும் வழியில் இஸ்தான்புல்லில் மூன்று நாள் தங்கியபோது சாலிஹாவை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ஷெஹ்சாதே பள்ளி, சுல்தான் தன் செத்துப்போன மகனுக்காகக் கட்டச் சொன்னது. பிறகு சுலைமானியா. மறுநாள் பஸ் பிடித்து எதிர்னே போய் செலிமியே. முதலாவது தன் பயிற்சிக் காலத்து வேலை, இரண்டாவது கைதேர்ந்த வேலை, மூன்றாவதுதான் வாத்தியார் வேலை என்று சினானே சொன்னதாகச் சொல்வார்கள். மூன்றாவதைக் கட்டும்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. எட்டுத் தூண்மேல் நின்ற அந்தப் பெரிய குவிமாடக் குப்பாவின் கீழே ஹாஜா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சாலிஹா மேலே பார்க்கவில்லை. தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரிசையப் பாருங்க," என்றாள். "செவுத்துல இருந்து செவுரு வரைக்கும் நேரா ஓடுது. மூலையே இல்ல."

அவள் மனதில் நின்றது இன்னொன்று. சுலைமானியாவின் மதிலுக்கு வெளியே, தெரு முனையில் ஒரு முக்கோணத் துண்டு நிலத்தில் சினானை அடக்கிய கபர் இருக்கிறது. சின்ன இடம். விவரம் தெரியாதவர்கள் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடுவார்கள். சாலிஹா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "இவ்வளவும் கட்டிட்டு, தனக்குன்னு ஒரு மூலைதானா எடுத்துக்கிட்டாரு?" என்று கேட்டாள். ஹாஜா குப்பாவின் விட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததில் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஹாஜாவுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது, ஊர்க்காரர்கள் சேர்ந்து கிழக்குக் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு நிலத்தை வாங்கிவிட்டு அவரிடம் வந்தார்கள். கமிட்டித் தலைவர் ஜுஹைர், பகலில் ஏதோ ஒரு சிப் கம்பெனியில் டைரக்டர், சாயந்திரத்தில் ஊருக்குப் பெரிய மனிதர். "காக்கா, நீங்கதான் டிசைன் பண்ணணும்," என்றார், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊர்வழக்கில். ஹாஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சினானுக்கு ஒரு சமயத்தில் ஒரு சுல்தான்தான், எனக்குப் பதினொரு சுல்தான் என்று கமிட்டியைக் கிண்டலடித்தார். ஆனாலும் முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று ஒரே ஒரு வாக்குக் கொடுத்தார். இந்தப் பள்ளியில் தரையில் டேப் இருக்காது.

அந்த வருஷம்தான் சாலிஹாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது.

மூன்றாவது கீமோ முடிந்த வாரம் நிலத்தில் கிப்லாக் கோடு குறிக்கப் போனார்கள். சாலிஹா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கம்பளித் தொப்பிமேல் முக்காடு போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மதீனாவில் வாங்கிய பச்சை நிறக் கிப்லாக் காம்பஸை மடியிலிருந்து எடுத்தாள். சான் ஹோசேயிலிருந்து கிப்லா, வடக்கிலிருந்து பத்தொன்பது டிகிரி கிழக்கே. முள்ளை நிதானப்படுத்தி, எண்ணைத் திருப்பி, விரலை நீட்டிக் காட்டினாள். ஹாஜா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முளைக்குச்சியை அவளே அடிக்க வேண்டும் என்றாள். மூன்று அடி அடித்தாள். அதற்குமேல் கையில் தெம்பில்லை. மிச்சத்தை அவர் அடித்தார். ஜுஹைர் போட்டோ எடுத்தார்.

அந்தப் பக்கத்தில் காம்பஸ் முள் காட்டும் வடக்கு நிஜ வடக்கு அல்ல. பதிமூன்று டிகிரி கிழக்கே தள்ளிக் காட்டும். ஆர்க்கிடெக்ட் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற சங்கதி. ஹாஜாவுக்கு அது கரதலப் பாடம். கயிற்றைப் பிடித்து நின்றபோதே அவருக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் சாலிஹா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். "இப்ப உங்க சினான் மாதிரி நானும் ஒரு பள்ளி கட்டிட்டேன்ல?" என்றாள். இன்னிக்கு அவ சந்தோஷப்படட்டும், வரைபடத்துல திருத்திக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார். கையிலிருந்த நோட்டில் 'பதிமூன்று — திருத்தணும்' என்று எழுதியும் வைத்தார். மதியம் சர்வேயர் வந்து இரண்டு முளைகளையும் அளந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த மூன்று மாதம் ஹாஜா வரைந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில், லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. சர்வேயர் அனுப்பிய கோட்டைத் திரையில் நேர்மேலாகத் திருப்பி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும் கிப்லா உச்சியைப் பார்த்து நேராக நின்றது. நேராக நிற்கிற கோட்டை யார் சந்தேகப்படுவார்கள்? நகராட்சிக்காரர்களுக்கு வெளிவாசலும் பார்க்கிங்கும்தான் கவலை. கமிட்டிக்கு ஹாஜா காக்கா சொன்னால் சரி. நோட்டு சாலிஹாவின் கைப்பையில் மாத்திரைச் சீட்டுகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவள் கண்ணை மூடி மவுத்தானாள்.

இரண்டு வருஷம் அவர் அந்தக் கட்டடத்தில்தான் வாழ்ந்தார் என்று சொல்ல வேண்டும். அழுகிற நேரமெல்லாம் கான்கிரீட் ஊற்றுகிற நேரமாக மாறியது. வேலை முடியும் தறுவாயில் கமிட்டி, பெண்கள் தொழும் கூடத்துக்குச் சாலிஹாவின் பெயரை வைப்பதென்று முடிவெடுத்தது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். முதல் முளையை அடித்ததே அவங்கதானே என்று ஜுஹைர் அவர்கள் வாயை அடைத்துவிட்டார். முளை அடிக்கும் போட்டோவைப் பெரிதாக்கி வாசலில் மாட்டவும் ஏற்பாடாயிற்று.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் மகள் ஷஹீமா ஓக்லண்டிலிருந்து வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் பாதி இங்கிலீஷில் வரும். விழாவுக்காக ஒரு வீடியோ செய்துகொண்டிருந்தாள். மேலிருந்து பார்த்தால் பள்ளியின் குப்பா தெரியும். அதிலிருந்து ஒரு தங்கக் கோடு கிளம்பி, கண்டம் கடந்து, கடல் கடந்து, காபாவில் போய் முடியும். ஹாஜா சாயாவை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார்.

"வாப்பா, திஸ் இஸ் வியர்ட். லைன் கோணலாப் போகுது. ஐ திங்க் சாஃப்ட்வேர் பக்."

கோடு குப்பாவின் நடுவிலிருந்து கிளம்பி மிஹ்ராபின் வழியாகப் போகவில்லை. இமாம் நிற்பதற்காகச் சுவரில் குடைந்த அந்த மாடத்தை விட்டு, இடது பக்கமாகச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது.

ஹாஜா திரையை நோக்கிக் குனிந்தார். "இன்னொரு தடவ போடு," என்றார். மறுபடி போட்டாள். கோடு மறுபடியும் அதே இடத்தில் வெளியே போனது. அவர் சாயாக் கோப்பையைக் கீழே வைக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே படுக்கையறைக்குப் போய், அலமாரியில் இருந்த சாலிஹாவின் கைப்பையைத் திறந்தார். இரண்டு வருஷமாக அதை அவர் தொட்டதில்லை. மாத்திரைச் சீட்டு, பேரீச்சம்பழக் கொட்டை ஒன்று, தஸ்பீஹ் மணி, அந்த நோட்டு. தன் கையெழுத்தில் தானே எழுதிய வார்த்தை. கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவமானம் வரும்போது அழுகை வருவதில்லை போலிருக்கிறது.

அன்று மதியமே ஜுஹைரைப் பள்ளிக்கு வரவழைத்துச் சொன்னார். ஜுஹைர் முதலில் நம்பவில்லை. போனை எடுத்து ஆப்பைப் போட்டுப் பார்த்தார். கட்டடத்தின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே முள் பேய் பிடித்த மாதிரி சுற்றியது. "பாருங்க காக்கா, யாராலும் கண்டுபிடிக்க முடியாது," என்றார். பிறகு இமாமுக்குப் போன் போட்டு, பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டார். இவ்வளவு விலகல் இருந்தாலும் தொழுகை கூடிவிடும், செல்லாமல் போகாது என்று இமாம் சொன்னார். ஜுஹைரின் முகம் மலர்ந்தது.

"அப்புறம் என்ன காக்கா? லீவ் இட். உங்க சினான் கட்டுன பள்ளிங்களே சிலது சில டிகிரி விலகி இருக்குன்னு நீங்கதானே எனக்கு லெக்சர் அடிச்சீங்க?"

"அவருக்குத் தெரியாது, ஜுஹைர். அன்னைக்கு இருந்த கணக்குக்கு அது சரி. எனக்குத் தெரியுமே."

"சரி, சொல்றீங்கன்னே வெச்சுக்குவோம். எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. முளை எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. போட்டோ வாசல்ல மாட்டியாச்சு. ஏற்கனவே ரெண்டு பேரு பேர் வெக்கறதுக்கே மூஞ்சி காட்டுனாங்க. சாலிஹா லாத்தா அடிச்ச முளைதான் கோணல்னு ஊரு பேசணுமா? ப்ளீஸ், திங்க் பண்ணுங்க."

ஹாஜா மிஹ்ராபின் படியில் உட்கார்ந்தார். ஜுஹைர் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாலிஹா கேட்ட மாதிரியே சுவரும் வரிசையும் ஒன்றாகப் போகும். சுவரிலிருந்து சுவர்வரை, மூலையே இல்லாமல். இமாமே கூடும் என்கிறார். ஒருவருக்கும் நஷ்டமில்லை. அவரைத் தவிர.

அடுத்த நான்கு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஜுஹைர் சொன்னபடி விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள் தீர்மானமாக இருந்தார். உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் வீட்டில் தொழ நின்றால் கால் தானாகச் சரியான திசைக்குத் திரும்பியது. நாளைக்கு முந்நூறு பேரைத் தான் போட்ட கோட்டில் நிற்கவைத்துவிட்டு, தான் மட்டும் மனசுக்குள் பதிமூன்று டிகிரி திரும்பி நிற்க வேண்டும். அதை நினைத்தபோதுதான் முடியாது என்று தெரிந்தது. பத்தொன்பது வருஷம் சாலிஹா சாய்ந்த டேப்பின்மேல் நின்றாளே, அந்த டேப் அசிங்கமாக இருந்தது, ஆனால் பொய்யாக இருக்கவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் கமிட்டியில் எழுந்து நின்றார். முதல் கூட்டத்தில் நின்ற அதே மாதிரி.

"கிப்லா பதிமூணு டிகிரி தப்பா இருக்கு. தப்பு என்னோடது. காம்பஸ் காட்டறதை வரைபடத்துல திருத்தணும், நான் திருத்தல. ஆர்க்கிடெக்ட் செய்ய வேண்டிய வேலை. நான் செய்யல."

யாரோ கேட்டார், அப்ப அந்த முளைதான் தப்பா என்று. "முளைக்கு ஒண்ணும் ஆகல," என்றார் ஹாஜா. "காம்பஸ் காட்டுன இடத்துல முளை இருந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாமே நான்." இன்னொருவர், அப்ப மறுபடியும் டேப்பா காக்கா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போதுதான் ஹாஜாவின் குரல் உடைந்தது. அறுபத்தொரு வயது மனிதர், பதினொரு பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். ஜுஹைர் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஹாஜா தானே கடைக்குப் போய் மாஸ்கிங் டேப் வாங்கினார். பன்னிரண்டு சுருள். ஷஹீமா லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் மாட்டியிருந்த போட்டோவின் முன்னால், உம்மா சுத்தியலோடு சிரித்துக்கொண்டிருக்கும் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இட் வாஸ் உம்மா'ஸ் லைன், இஸ்ன்ட் இட்?"

"உம்மா சரியாத்தான் வெச்சா. திருத்த வேண்டியவன் நான்."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"உம்மா சிரிச்சா," என்றார் ஹாஜா.

கயிற்றின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவர் பிடித்தார். புதுக் கம்பளத்தின்மேல் முழங்காலிட்டு ஒவ்வொரு வரிசையாக ஒட்டிக்கொண்டே போனார்கள். ஆண்கள் கூடம் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. மிஹ்ராபுக்குள் இமாம் ஒருக்களித்து நிற்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஒட்டும்போது ஹாஜா கண்ணை ஏறெடுத்துக் குப்பாவைப் பார்க்கவே இல்லை.

பிறகு சாலிஹா கூடம். இங்கே திரை இல்லை. தனிக் கதவு, தனி ஜன்னல், சாயந்திர வெயில் தரையில் விழுகிற மாதிரி அவர் யோசித்து யோசித்து வைத்த ஜன்னல். வரிசைகள் பின்னால் போகப்போகச் சுருங்கின. கடைசி வரிசை வலது மூலையில் போய் முட்டி, மிச்சம் ஒரு முக்கோணம் நின்றது. ஹாஜா முழங்காலிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஏழடிக்கு மேல் அகலம், மறுபக்கம் குறுகிக் குறுகி வெறும் முனை. இருபது வருஷமாக எதை ஒழித்துவிட வேண்டும் என்று துடித்தாரோ, அதைத் தன் கையாலேயே, அளவு பிசகாமல், அவள் பெயர் எழுதிய அறையில் கட்டி வைத்திருந்தார். சுலைமானியாவின் தெருமுனையில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஷஹீமா மூலையைக் காலால் அளந்து பார்த்தாள். "வாப்பா, இங்க ஸ்பேஸ் வேஸ்ட் ஆகுது. ஷூ ரேக் வெச்சிடலாமா?"

"வேணாம்," என்றார். "ஷூ ரேக்க வெளிய வெச்சுக்கலாம்."

டேப்பில் மிச்சமிருந்ததைக் கிழித்து, முக்கோணத்துக்குள் ஒரு சின்னக் கோடு ஒட்டினார். ஒரே ஒருவர் நிற்கிற அளவுக்கு. தலை எதிலும் முட்டாதபடி முன்னால் இடம் விட்டு, விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.